இருவாச்சி குடியிருந்த அயனி

மலைக்கு அடியில ஒரு ஊரு. வருசத்துல பாதி நாளு அங்க மழை, மீதி நாளு மழை எப்ப வரும்ங்கிற பேச்சு. அந்த ஊர்ல பூதத்தான்னு ஒருத்தன் இருந்தான். மரம் வெட்டுறது அவன் தொழிலு. ஆளு கொஞ்சம் மந்தம். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டான். மண்டையச் சொறிவான், ஆகாசத்தப் பாப்பான், அப்புறந்தான் வாயத் திறப்பான். ஊர்ல எல்லாரும் அவனைக் கிறுக்கன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அவன் வெட்டுனா மரம் அவன் கை காட்டுன பக்கம்தான் விழும், ஒரு சாண் அங்கிட்டு இங்கிட்டு விலகாது.

அவன் பொண்டாட்டி மாடத்தி. அவளுக்கு வாய் ஜாஸ்தி, அவன் பேசாததையும் சேத்து அவளே பேசிருவா. அவளுக்கு அப்ப நிறைமாசம்.

அந்த ஊர்ல மரம் வெட்ட ஒரு முறை உண்டு. நெனைச்ச உடனே கோடாலியத் தூக்கிட்டுப் போயிர முடியாது. மரத்து மேல உள்ளங்கைய வச்சு, அண்ணாந்து பாத்து, "மரத்துல யாரு இருக்கா?"ன்னு சத்தமாக் கேக்கணும். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அதைக் கேட்டு, குடியிருக்கவங்க எல்லாரும் குட்டி குருமானோட வேற இடம் பாத்துப் போயிருவாங்க. அப்புறந்தான் கோடாலி. யாராவது ஒருத்தர் போக முடியாம "நான் இருக்கேன்"னு சொல்லிட்டா, அவங்களா இறங்குற வரைக்கும் அந்த மரத்தத் தொடக்கூடாது. என்னல சிரிப்பு? அணில் பேசுமாக்கும்னு கேக்கியா? அப்ப பேசிச்சு. இப்ப உன்னை மாதிரி ஆளுககிட்ட பேசப் பிடிக்காம நிறுத்திட்டு. வாய மூடிட்டுக் கேளு.

காட்டுக்குள்ள ஒரு அயனி மரம் நின்னுது. அயனின்னா பலா மரத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வச்சுக்கோ. பழம் கைக்குள்ள அடங்கும், மேல முள்ளு முள்ளா, உள்ள மஞ்சச் சுளை. ஆனா உசரம் இருக்கே, யப்பா! கழுத்து வலிச்சாலும் உச்சி தெரியாது. பாதி உசரத்துக்கு ஒரு கொப்பு கிடையாது, நெட்டுக்குத்தலா ஏறும். கோடையிலயும் மொட்டையா நிக்காது, எப்பவும் பச்சைதான். தடி தண்ணியில கிடந்தாலும் லேசுல உளுத்துப் போகாது. அதனால ஓடம் கட்டுறவன் ஒவ்வொருத்தனுக்கும் அந்த மரத்து மேல ஒரு கண்ணு.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரு ஆசை வந்துட்டு. பக்கத்து நாட்டு ராசா ஒட்டே போடாம, ஒத்தைத் தடியக் குடைஞ்சு ஓடம் பண்ணி ஆத்துல விட்டானாம். இவருக்கு அதை விடப் பெருசா வேணுமாம். ராசாகிட்ட மாதேவன்னு ஒரு காரியக்காரன் இருந்தான். காரியக்காரன்னா அதிகாரி. ராசா வாயத் திறக்குறதுக்கு முந்தியே தலைய ஆட்டுற சாதி. அவன் என்ன சொன்னான்?

"மகாராசா, நம்ம காட்டுல ஒரு அயனி நிக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நீங்க எழுந்தருளுங்க. மரம் கீழ கிடக்கும், அது மேல நீங்க காலாற நடந்து பாக்கலாம்."

அப்படின்னு சொல்லிட்டு வந்துட்டான். சொல்லுறதுக்கு என்ன, வாய்தானே. அப்புறம் ஈட்டி பிடிச்ச சேவகங்களைக் கூட்டிக்கிட்டு நேரா பூதத்தான் வீட்டுக்கு வந்து, "ஏய், கோடாலிய எடு"ன்னான்.

பூதத்தான் மண்டையச் சொறிஞ்சான், ஆகாசத்தப் பாத்தான், கோடாலிய எடுத்தான். காட்டுக்குப் போனாங்க. அயனி மேல உள்ளங்கைய வச்சு, "மரத்துல யாரு இருக்கா?"ன்னு கேட்டான். மலை அணிலுக எட்டிப் பாத்து, "நாங்க இருக்கோம், இந்தா கிளம்பிட்டோம்"னு பக்கத்து மரத்துக்குத் தாவிட்டுதுக. ரெண்டாவது தடவை கேட்டான். தேனீக்க கூட்டமா எந்திரிச்சு, "நாங்க இருக்கோம், இந்தா போயாச்சு"ன்னு பறந்துட்டுதுக. மூணாவது தடவை கேட்டான். பச்சைப் பாம்பு ஒண்ணு சரசரன்னு இறங்கி வந்து, "நான் இருந்தேன், இப்ப இல்ல"ன்னு புதருக்குள்ள போயிட்டு.

"முடிஞ்சுதுல்லா? வெட்டு"ங்கான் காரியக்காரன்.

பூதத்தான் கோடாலிய ஓங்குனான். அப்பப் பாத்து ஆகாசத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு எறக்கைச் சத்தம். ஒரு ஆண் இருவாச்சி வந்து அவன் காலடியில விழுந்துச்சு. இருவாச்சி பாத்திருக்கியா? பெரிய மஞ்ச மூக்கு, அந்த மூக்கு மேல தொப்பி வச்ச மாதிரி இன்னொரு மூக்கு. அது வாயில ஒரு அத்திப்பழம் இருந்துச்சு. பழத்தக் கீழ வச்சுட்டு அது கேக்கு:

"அண்ணே, அண்ணே, வெட்டிராதீங்க. மேல ஒரு பொந்து இருக்கு பாருங்க, அதுக்குள்ள என் பொண்டாட்டி இருக்கா. நாங்க முட்டை போட்டா பொம்பளை உள்ள போயி வாசலை மண்ணு வச்சுப் பூசிருவா. மரநாய் வந்துறக் கூடாதுல்லா? மூக்கு நுழையுற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவா. நான் அது வழியாப் பழம் குடுப்பேன். உள்ள இருக்கையில அவளுக்கு எறக்கையெல்லாம் உதிர்ந்து போகும் அண்ணே. இப்ப அவளால பறக்க முடியாது. குஞ்சும் பொரிச்சாச்சு."

மேலயிருந்து, "நான் இருக்கேன், நான் இருக்கேன்"னு மெலிசா ஒரு குரல் வந்துச்சு. அணிலும் தேனீயும் போட்ட சத்தத்துல அது முன்ன யாருக்கும் கேக்கல.

பூதத்தான் கோடாலியக் கீழ போட்டுட்டான்.

"எப்ப வெளிய வருவா?"

"மழை எறங்கிட்டா வந்துருவா அண்ணே. அதுக்குள்ள எறக்கை மொளைச்சிரும்."

பூதத்தான் காரியக்காரனைப் பாத்துக் கும்பிட்டான். "எசமான், மழை வரட்டும். அவ வெளிய வந்ததும் நானே வெட்டித் தாரேன், காசு கூட வேண்டாம்."

காரியக்காரனுக்கு மூஞ்சி செவந்துட்டு. வெள்ளிக்கிழமை ராசா வாராருல்லா? "ஒரு காக்கா குருவிக்காக ராசா காத்துக்கிட்டு நிப்பாரா? இரு, உன்னை வெட்ட வைக்கேன்"னு சொல்லிட்டு ஊருக்குள்ள போயி, என்ன பண்ணுனான் தெரியுமா அந்தப் பாவி? அடுப்படியில நின்ன மாடத்திய, நிறைமாசக்காரிய, இழுத்துட்டுப் போயி நெல்லு போட்டு வைக்கிற கல்லுக் களஞ்சியத்துல தள்ளிக் கதவப் பூட்டிட்டான். சாவிய இடுப்புல சொருகிக்கிட்டான்.

"மரம் விழுந்த சத்தம் என் காதுல கேக்கணும். அப்பத்தான் இந்தக் கதவு திறக்கும்."

ஊர்ப் பொம்பளைங்க ஓடி வந்து அழுதாங்க. பேறு பாக்குற கிழவி பிச்சம்மை அவன் கால்லயே விழுந்தா. "ஐயா, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. நானாவது உள்ள அவ கூட இருக்கேன், என்னையும் சேத்துப் பூட்டும்." அவன் திரும்பிக் கூடப் பாக்கல. வாசல்ல சேவகனை நிறுத்திட்டுப் போயிட்டான்.

களஞ்சியத்துச் சுவத்துல காத்து போக ஒரு ஓட்டை இருந்துச்சு. கை மட்டுந்தான் நுழையும். பூதத்தான் அது வழியா தேங்காச் சிரட்டையில கஞ்சி குடுத்தான். உள்ள இருந்து மாடத்தி விரலு மட்டும் தெரிஞ்சுது.

"மாடத்தி, வலி இருக்கா?"

"இல்ல. இடுப்பு மட்டும் கடுக்கு. உள்ள ஒரே இருட்டா இருக்கு. எலி ஓடுது. எப்ப வந்து திறப்பீங்க?"

அவன் இருவாச்சி கதையச் சொன்னான்.

அங்கயிருந்து காட்டுக்கு ஓடுதான். அங்க பாத்தா, ஆண் இருவாச்சி கொப்புல தொத்திக்கிட்டு அந்தக் கீறல் வழியா அத்திப்பழம் ஊட்டிக்கிட்டு இருக்கு. உள்ளயிருந்து மூக்கு நுனி மட்டும் வெளிய வந்து பழத்த வாங்குது. பூதத்தான் அதைப் பாத்துட்டு மரத்துல சாஞ்சு ஓன்னு அழுதான். நானும் இப்படித்தானே குடுத்துட்டு வாரேன்னு நெனைச்சான். மறுபடி களஞ்சியத்துக்கு ஓடுதான். மறுபடி காட்டுக்கு ஓடுதான். சோறு இல்ல, தூக்கம் இல்ல. இங்க வந்தா அங்க என்ன ஆச்சோன்னு இருக்கு, அங்க போனா இங்க என்ன ஆச்சோன்னு இருக்கு. இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு படபடங்குது, அவன் எப்படித்தான் தாங்குனானோ.

ஒருநாள் ஓட்டைப் பக்கத்துல வாய வச்சுக் கேட்டான், "வெட்டிரட்டா மாடத்தி?"

"இதை எங்கிட்ட வந்து கேக்கீங்களே! வெட்டுங்கன்னு சொன்னா அவ செத்துருவா. வெட்டாதீங்கன்னு சொன்னா நான் செத்துருவேன். அவளும் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தானே இருக்கா. என் வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?" அவ அழுதா. அப்புறம் ஒரேயடியா சத்தம் போட்டா. "ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்தப் பறவைக்குப் பாவம் பாத்து என்னை இங்கயே விட்டுட்டீங்கன்னா உங்களை மன்னிக்கவே மாட்டேன், ஆமா!"

ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா. அவளைக் குத்தம் சொல்லாதீங்க. பயத்துல இருக்கவ அப்படித்தான் பேசுவா.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. பூதத்தான் கஞ்சி கொண்டு போனா, சிரட்டைய வாங்க விரலு வரல. உள்ள முனகல் சத்தம். பிச்சம்மை சுவத்துல காத வச்சுக் கேட்டுட்டு, "ஏலே, வலி கண்டுட்டு. என்னமாச்சும் பண்ணுல, ஓடு!"ன்னா.

அவ்வளவுதான். அவன் கோடாலியத் தூக்கிட்டு ஓடுனான். இன்னைக்கு வெட்டிருதேன், எந்தப் பறவை செத்தாலும் சரி, வெட்டிருதேன்னு சொல்லிக்கிட்டே ஓடுனான்.

மரத்தடியில காரியக்காரன் சேவகங்களோட நிக்கான். பூதத்தான் கோடாலிய ஓங்குனான். "நான் இருக்கேன்"னு மேலயிருந்து குரல். கை இறங்கிட்டு. மறுபடி ஓங்குனான். "நான் இருக்கேன்." மறுபடி இறங்கிட்டு. மூணாவது தடவை ஓங்கி, பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு வெட்டு வெட்டுனான். பால் வடிஞ்சுது. மேல குஞ்சு கத்துச்சு. அதைக் கேட்டு அவன் கையிலிருந்து கோடாலி தானா நழுவிட்டு. பக்கத்துல நின்ன சேவகங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க, அவங்க வீட்லயும் பிள்ளை குட்டி இருக்குல்லா?

"அந்தக் குரல்தானே உங்களைப் படுத்துது? அதைப் பிடிச்சு வெளிய எறிஞ்சுட்டு வாங்கடா"ன்னான் காரியக்காரன். ஒருத்தனும் அசையல. பிள்ளத்தாச்சி கூட்ட உடைச்சா கை விளங்காதுன்னு அவங்களுக்குப் பயம். அவனுக்கு ரோசம் வந்துட்டு. "நானே ஏறுதேன்"னான். தேன் எடுக்குறவங்க கட்டுன மூங்கில் ஏணி மரத்தோட சேத்துக் கட்டி இருந்துச்சு. அதுல ஒரு கால வச்சுக்கிட்டு சேவகங்களைப் பாத்துச் சொல்லுதான்:

"ராசா வர நேரமாச்சு. நான் கூட்ட உடைச்ச மண்ணு கீழ விழுந்ததும் வெட்ட ஆரம்பிக்கணும். நான் இறங்குறதுக்குள்ள பாதி வெட்டியாகணும். மேலயிருந்து யாரு அழுதாலும், யாரு கெஞ்சுனாலும், யாரு நிறுத்துங்கன்னு கத்துனாலும் கோடாலி நிக்கப்படாது. நிறுத்துனவன் தலை இருக்காது."

"சரி எசமான்"னுட்டாங்க.

ஏறுனான், ஏறுனான், மூச்சு வாங்க ஏறுனான். பொந்துக்கிட்ட இருந்த கொப்புல கால வச்சுக்கிட்டு கத்தியால மண்ணப் பேத்தான். மண்ணு பொலபொலன்னு கீழ விழுந்துச்சு. உள்ள கைய விட்டான். விட்டதுதான் தாமசம், பெண் இருவாச்சி அந்தப் பெரிய மூக்கால அவன் விரலைக் கவ்விட்டு. "ஐயோ!"ன்னு கையப் பறிச்சுக்கிட்டான். ஆண் இருவாச்சி வந்து தலைப்பாகையத் தட்டி விட்டுது. கத்தியும் போச்சு. ரெண்டு கையாலயும் கொப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கீழ பாத்தான். கீழ பாத்திருக்கக் கூடாது. தலை சுத்திட்டு.

கீழ என்ன நடக்கு? சொன்ன சொல்லு தவறாத சேவகங்க, கோடாலி வீச்சுக்கு இடைஞ்சலா இருக்குன்னு ஏணிக் கட்ட அறுத்து மூங்கிலத் தூர எறிஞ்சுட்டாங்க. ஆளுக்கொரு கோடாலி எடுத்து, டொக்கு, டொக்குன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

"நிறுத்துங்கடா!"ன்னு மேலயிருந்து கத்துதான்.

மூத்த சேவகன் சொல்லுதான், "எசமான் சொன்னாருல்லா, நிறுத்துங்கன்னு சத்தம் வரும், கேக்கப்படாதுன்னு. வெட்டு."

"டேய், எசமானே நான்தான்டா!"

"இப்படியெல்லாம் கெஞ்சுவாங்கன்னுதான் சொன்னாரு. வெட்டு, வெட்டு."

மரம் அதிருது. உச்சி இலையெல்லாம் நடுங்குது. பூதத்தான் அண்ணாந்து பாத்தான். இப்ப இந்த மரம் விழுந்தா காரியக்காரன் ஒழிஞ்சான், கதவு திறந்துரும், மாடத்தி வெளிய வந்துருவா. அவன் கை வைக்கக் கூட வேண்டாம், சும்மா நின்னாலே போதும். அந்த நெனைப்பு அவனுக்கு வந்துச்சு. வரலைன்னு சொன்னா நான் பொய் சொல்லுதேன்னு அர்த்தம். ஆனா மேல குஞ்சும் கத்துது. அவன் மண்டையச் சொறிஞ்சான். ஆகாசத்தப் பாத்தான். அப்புறம் ஓடிப் போயி கோடாலிக்கும் மரத்துக்கும் நடுவுல முதுகக் குடுத்து நின்னுட்டான்.

"விலகு. இல்லேன்னா குத்திருவேன்"னு மூத்த சேவகன் ஈட்டிய நெஞ்சுல வச்சான்.

"குத்து. என்னைக் குத்திட்டா இந்த மரத்த எந்தப் பக்கம் சாய்க்கணும்னு சொல்ல ஆளு இருக்காது. நீங்க வெட்டுன வெட்டுக்கு அது உங்க தலையிலதான் விழும்."

சேவகங்க அண்ணாந்து பாத்தாங்க. பாத்துட்டு ஆளுக்கு ரெண்டு எட்டுப் பின்னால போனாங்க. பூதத்தான் மரத்து மேல உள்ளங்கைய வச்சான்.

"மரத்துல யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்!"னான் காரியக்காரன்.

"கேக்கல. யாரு இருக்கா?"

"நான் இருக்கேன், நான் இருக்கேன்! ஐயா, பூதத்தான் ஐயா, வெட்டிராதீங்க! என்னால இறங்க முடியல!"

"உன்னாலயும் முடியல, அவளாலயும் முடியல, என் பொண்டாட்டியாலயும் முடியல. சாவியப் போடுல!"

அந்த நேரம் பாத்து ராசா பல்லக்குல வந்து இறங்குதாரு. விழுந்து கிடக்கிற மரத்து மேல நடக்கலாம்னு வந்தவரு, நிக்கிற மரத்து மேல தன்னோட காரியக்காரன் தொங்கிக்கிட்டு அழுறதப் பாத்து, "என்ன கூத்து இது?"ன்னாரு. மேலயிருந்து சாவி வந்து அவரு காலடியில விழுந்துச்சு. பூதத்தான் அதை எடுத்தான். ராசாவக் கும்பிடக் கூட இல்ல, ஓடிட்டான்.

ஓட்டம்னா ஓட்டம். முள்ளு கிழிக்கு, பாறை வழுக்குது, எதுவும் தெரியல. களஞ்சிய வாசல்ல பொம்பளைங்க எல்லாரும் வாயில சேலையப் பொத்திக்கிட்டு நிக்காங்க. பிச்சம்மை தரையில உக்காந்துட்டா. "கொஞ்ச நேரமா உள்ள சத்தமே இல்லல"ன்னா.

காவலுக்கு நின்ன சேவகன் சாவியப் பாத்துட்டு விலகி வழி விட்டான். பூதத்தான் சாவியப் போடுதான், நுழையல. மறுபடி போடுதான், நுழையல. பிச்சம்மை எந்திரிச்சு வந்து அவன் கையப் பிடிச்சு நேரா வச்சா. சாவி நுழைஞ்சுது. கதவத் தள்ளி, "மாடத்தீ!"ன்னு உசிரு போற மாதிரி கத்துனான்.

உள்ள இருட்டு. ஒரு மூலையிலயிருந்து குரல் மட்டும் வருது.

"ஏன் இப்படிக் கத்துதீங்க? இப்பத்தான் தூங்குனா. எழுப்பிட்டீங்கள்லா!"

வீறிட்டு ஒரு அழுகைச் சத்தம். ஊரே அந்தச் சத்தத்தக் கேட்டு அழுதுச்சு. பொம்பளைப் பிள்ளை. மாடத்தி யாருமில்லாம, அந்த இருட்டுல, தானே பெத்துத் தானே சேலையில சுத்தி மடியில வச்சுக்கிட்டு இருந்தா. பிச்சம்மை உள்ள ஓடி தாயையும் பிள்ளையையும் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "ரெண்டும் நல்லா இருக்கு"ன்னா. பூதத்தான் அப்படியே வாசப்படியில உக்காந்துட்டான்.

அப்புறம் என்னன்னு கேக்கியா? ராசா கதையெல்லாம் கேட்டாரு. மேல தொங்குற காரியக்காரனைப் பாத்து, "அவ வாசலை உடைச்சவன் நீதானே? அவ திரும்பப் பூசுற வரைக்கும் நீ அங்கயே இருந்து காவல் காக்கணும்"னுட்டாரு. அவன் பேத்த மண்ணுக்குப் பதிலா இருவாச்சி ஒவ்வொரு உருண்டையா வச்சுப் பூசி முடிக்கிற வரைக்கும் அவன் அந்தக் கொப்புல உக்காந்து மரநாய விரட்டுனான். வெயில் அடிச்சுது, காத்து ஆட்டுச்சு, எறும்பு கடிச்சுது. கயித்துல கஞ்சி கட்டி ஏத்துனது யாரு? பூதத்தான்தான். வேண்டா வெறுப்பாத்தான் ஏத்துனான், ஆனா ஏத்துனான். காரியக்காரன் மறுபடி கட்டுன ஏணியில இறங்கி வந்தப்ப அதிகாரமும் போச்சு, தலைப்பாகையும் போச்சு. மழை எறங்குனதும் தாயும் குஞ்சுமாப் பறந்து போனதப் பாக்க ஊரே போச்சு, அவன் மட்டும் போகல.

ராசா பலகைய ஒட்டுப் போட்டே ஓடம் கட்டிக்கிட்டாரு. அதுவும் மிதக்கத்தான் செஞ்சுது. அயனி வெட்டுக் காயத்தோட நின்னுது, காயம் மூடிட்டு. ஆனா அந்தக் காரியக்காரன் மாதேவனால அதுக்குப் பிறகு சாத்துன கதவுக்குள்ள படுக்க முடியல. கதவச் சாத்துனா யாரோ உள்ளயிருந்து "நான் இருக்கேன்"னு சொல்ற மாதிரி இருக்குமாம். மழையா இருந்தாலும் பனியா இருந்தாலும் கதவ விரியத் திறந்து போட்டு, நனைஞ்சுக்கிட்டே படுத்துக் கிடப்பானாம். வெளிய வர முடியாதவங்கள உள்ள வச்சு மெரட்டுனா இதுதான் கதி, வேற என்ன?

சரி, கதைய நான் இறக்கி வச்சாச்சு, இனி கண்ண மூட வேண்டியது உங்க பாடு. இன்னும் முழிச்சிருக்கிறது யாருன்னு நான் கேக்கப் போறேன். ஒரு பயலும் பதில் சொல்லப்படாது.